வழுக்கைக்கு ஊசி, முதலைக்கு நரம்பு

உங்கள் ரத்தத்தை உங்களிடமிருந்தே எடுத்து, அதை எட்டு நிமிஷம் சுற்றி, உங்கள் தலையிலேயே திரும்ப ஏற்றிவிட்டு, அதற்கு உங்களிடமே நன்றியும் வாங்கிக்கொள்கிற தொழில் எனக்குத் தெரிந்து எங்களுடையது ஒன்றுதான்.

காலையில் எழுந்ததும் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் சீப்பைப் பார்க்கிற அன்பர்களே, மேலே மின்விசிறி சுற்றும்போது ஒரு கையால் உச்சியைப் பொத்திக்கொள்கிறவர்களே, நான் உங்கள் ஆள். என் தலையில் ஈ உட்கார்ந்தால் வழுக்கி விழும். பெயர் தேவசகாயம். வேலூர்ப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரி லேபில் முப்பத்தாறு வருஷம் ரத்தம் எடுத்து ரிட்டயர் ஆனவன். வீட்டில் உட்கார்ந்த மூன்றாம் மாதமே என் மனைவி, "எங்கியாச்சும் போய் யார் கையையாச்சும் குத்திட்டு வாங்களேன்" என்று கெஞ்ச ஆரம்பித்துவிட்டாள். கர்த்தர் அவள் ஜெபத்தைக் கேட்டார். ஆம்பூரில் தோலுக்கும் முடிக்கும் கிளினிக் வைத்திருக்கும் டாக்டர் ரெஹானா என்னைக் கூப்பிட்டு வேலை கொடுத்தார். என் மகள் வயசு. என்னை 'அங்கிள்' என்பார், நான் 'டாக்டரம்மா' என்பேன்.

வைத்தியத்துக்குப் பெயர் பி.ஆர்.பி. டெங்கு வந்தால் குறைந்துபோகிறதே தட்டணுக்கள், அதுதான் சரக்கு. கையில் ரத்தம் எடுத்து டியூபில் ஊற்றி, மெஷினில் வைத்துச் சுற்றினால் சிவப்பு அடியில் தங்கும், தேன் நிறத்தில் ஒன்று மேலே நிற்கும். அதை எடுத்து டாக்டரம்மா தலையிலோ முகத்திலோ ஏற்றுவார். ரத்தம் எடுப்பதும் மெஷினைச் சுற்றுவதும் என் வேலை. அந்த மெஷினுக்கு ஆம்பூர் வைத்த பெயர் மிக்ஸி.

எனக்கு ஊர் வைத்த பெயர் 'ஒரே குத்து'. எப்பேர்ப்பட்ட கையிலும் இரண்டாவது தடவை குத்தியதில்லை. ரகசியம் ஊசியில் இல்லை, வாயில். ஊசியை எடுக்கும்போதே ஒரு கதையை அவிழ்த்துவிடுவேன். கதை உச்சத்துக்கு வரும்போது கேட்கிறவர் வாய் பிளப்பார். வாய் பிளந்தால் கை தளரும். கை தளர்ந்தால் நரம்பு தானாக வந்து நிற்கும். உண்மையைச் சொன்னால் யாரும் வாய் பிளப்பதில்லை என்பதால் பொய் சொல்ல வேண்டியிருந்தது. தொழில் தர்மம்.

ஆனால் இந்த வருஷ ஆரம்பத்தில் டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். என் வலது கையையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சொன்னார்: "அங்கிள், கை லேசா ஆடுது. நான் இப்போ எதுவும் சொல்லல. ஆனா யாருக்காவது ரெண்டாவது குத்து விழுந்துச்சுன்னா, அன்னிக்கே ஊசியை சிஸ்டர் ஸ்டெல்லாகிட்ட குடுத்துடணும். சரியா?"

சரி என்று தலையாட்டினேன். கையும் கூடவே ஆடியது. ஊசியைக் கொடுத்துவிட்டால் நான் யார்? சும்மா ஒரு வழுக்கை. கீழே வருவதெல்லாம் அந்தப் பேச்சுக்குப் பிறகு நடந்தவை. ஒவ்வொரு கையைப் பிடிக்கும்போதும் 'இது ரெண்டாவது குத்தா இருக்கக் கூடாது ஆண்டவரே' என்று ஜெபித்துக்கொண்டே பிடித்தேன் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

ட்ரம் முனுசாமி

முனுசாமி தோல் பதனிடும் டேனரி ஒன்றில் ட்ரம் ஓட்டுகிறவர். ட்ரம் என்றால் தண்ணீர் பிடித்து வைக்கும் ட்ரம் இல்லை. ஓர் அறை அளவுக்கு மர உருளை. உள்ளே தோலையும் மருந்தையும் போட்டுச் சுழற்றுவார்கள். உச்சியில் ஒரு தட்டு அளவுக்குக் காலியாகி, கூட வேலை செய்கிறவர்கள் 'ஏரி' என்று கூப்பிட ஆரம்பித்ததால் மனம் நொந்து வந்திருந்தார். ஒரே குத்தில் ரத்தம் வந்தது. டியூபை மிக்ஸியில் வைத்து, எதிர்ப் பக்கம் தண்ணீர் நிரப்பிய டியூப் ஒன்றையும் வைத்தேன். படித்தவர்களே அதைப் பார்த்து, தண்ணீர் கலக்கிற பால்காரனைப் பார்ப்பது போல என்னைப் பார்ப்பார்கள். முனுசாமியோ, "ஆமா, லோடு ஒரு பக்கம் சாஞ்சா உதறும்" என்று தானாகவே சொல்லிவிட்டார். எனக்கு ஒரு சகதொழிலாளி கிடைத்த சந்தோஷம்.

அது எட்டு நிமிஷம்தான் நீடித்தது. மிக்ஸி நின்றதும் மனுஷன் முகம் விழுந்துவிட்டது. இவ்வளவுதானா, இன்னும் கொஞ்சம் சுத்துங்க என்றார். ஜாஸ்தி சுத்தினால் கெட்டுப்போகும் என்றேன். நம்பவில்லை. மிக்ஸி மூடியை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு, நாலு பேர் உட்கார்ந்திருந்த கூடத்துக்கே கேட்கும்படி கேட்டார்: "எங்க ட்ரம்ல ஆட்டுத் தோலே பன்னெண்டு மணி நேரம் சுத்துது. என் ரத்தம் இன்னா, ஆட்டை விட மட்டமா?"

ஆடுகளின் மனு

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்தால் எங்கள் கிளினிக்கில் அத்தர் வாசனை அடிக்கும். அப்படி ஒரு வெள்ளிக்கிழமை கரீம் சாயபு வந்தார். சொந்தமாக டேனரி வைத்திருப்பவர். நான் கதையை ஆரம்பிப்பதற்குள் அவரே ஆரம்பித்துவிட்டார். சின்ன வயசில் அவருக்கு அவர் வாப்பா கொடுத்த முதல் வேலை சுண்ணாம்புக் குழி. பச்சைத் தோலைச் சுண்ணாம்பில் ஊறப்போட்டு, முடி கழன்று வருகிறதா என்று இழுத்துப் பார்ப்பது. ஒரு முடி ஒட்டிக்கொண்டிருந்தாலும் வாப்பாவிடம் திட்டு. நாற்பது வருஷமாக, முடி இல்லாமல் மழமழவென்று இருக்கும் தோலைப் பார்த்தால்தான் அவருக்குச் சாப்பாடு இறங்குமாம்.

சொல்லிக்கொண்டே இருந்தவர், ஊசி உள்ளே போய் டியூப் பாதி நிறைந்ததைக் கவனிக்கவேயில்லை. பிறகு எதிரே இருந்த கண்ணாடியில் தன் மழமழ மண்டையைப் பார்த்தார். அப்புறம் பெருமூச்சு விட்டுச் சொன்னார்: "எல்லா ஆடும் சேந்து அல்லாகிட்ட ஒரு மனு குடுத்திருக்கும் தேவசகாயம். கையெழுத்து ஜாஸ்தி இருந்ததால அவரும் பாஸ் பண்ணிட்டாரு."

அரக்கோணம் வரைக்கும்

இந்தத் தப்பு முழுக்க என்னுடையது. ஜெயராஜ் என்று ஒரு கணக்கு வாத்தியார். ஊசி என்றால் வியர்த்துக் கொட்டும். அவருக்குப் பெரிய கதையாகத் தேவைப்பட்டது. ரயில் கதை ஒன்றை அவிழ்த்துவிட்டேன். எங்களிடம் பி.ஆர்.பி. போட்டுக்கொண்ட ஒருவர் ஜோலார்பேட்டையில் வழுக்கையாக ரயில் ஏறினார். ஆம்பூர் தாண்டும்போது தலை அரித்தது. காட்பாடியில் பக்கத்து சீட்டுக்காரரிடம் சீப்பு கேட்டார். அரக்கோணம் வருவதற்குள் டிக்கெட் பரிசோதகர் வந்து, அடையாள அட்டையில் இருக்கும் வழுக்கை ஆள் நீ இல்லை என்று அபராதம் போட்டுவிட்டார். 'அபராதம்' என்ற இடத்தில் வாத்தியார் வாய் பிளந்தார், ஊசி ஏறியது. கதையின் வேலை அத்தோடு முடிந்தது என்று நான் நினைத்தேன்.

டாக்டரம்மா அவரிடம் தெளிவாகத்தான் சொல்லி அனுப்பினார்: மாசக் கணக்கு ஆகும், சிலருக்குப் பலன் கம்மியாகவும் இருக்கும் என்று. ஆனால் பத்து நாளில் வாத்தியார் திரும்பி வந்தார். "போன ஞாயித்துக்கிழமை அரக்கோணம் வரைக்கும் போய்ட்டு வந்துட்டேன் டாக்டர். போறப்ப ஜன்னலோர சீட், வர்றப்ப நின்னுக்கிட்டே வந்தேன். ஒரு முடி வரல" என்றார். நான் மிக்ஸிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். மிக்ஸி சிறியது, நான் பெரியவன். வாத்தியாருக்கு மறுபடியும் பொறுமையாக விளக்கி அனுப்பிவிட்டு டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். கத்தியிருந்தால் பரவாயில்லை. மெதுவாகத்தான் சொன்னார்: "எதைப் பத்தி வேணும்னாலும் கதை விடுங்க அங்கிள். முடி வளர்றதைப் பத்தி மட்டும் வேணாம். அதை நம்பித்தான் அவங்க கையை நீட்டுறாங்க."

இஞ்சுக்கு எத்தனை தையல்

புஷ்பா ஷூ கம்பெனியில் தையல் லைனுக்கு சூப்பர்வைசர். பருக்கள் போன இடமெல்லாம் கன்னத்தில் குழி. முகத்துக்குப் போடும்போது மரத்துப்போகிற கிரீம் தடவி, பேனா மாதிரி ஒரு கருவியால் பொடிப்பொடியாகக் குத்தி, அதன்மேல் அந்தத் தேன் நிறச் சரக்கைத் தடவுவார்கள். பேனாவின் முனையில் இருந்த ஊசிகளை எல்லோரும் பயந்து பார்ப்பார்கள். புஷ்பா குனிந்து, ஒரு கண்ணை மூடி, சோதனை போடுகிற மாதிரி பார்த்தாள். "இஞ்சுக்கு எத்தனை தையல் டாக்டர்?" என்றாள். டாக்டரம்மா பேனாவைத் திருப்பிப் பார்த்தார். "பன்னெண்டுக்குக் கம்மின்னா நான் பாஸ் பண்ண மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

அன்றைக்கு அவள் கையில் நான் ஊசி போடும்போது முனை ஒரு தரம் தோலைத் தொட்டு விலகி, மறுபடி தொட்டுத்தான் ஏறியது. குத்து ஒன்றுதான். டாக்டரம்மா கவனிக்கவில்லை. நாளெல்லாம் ஊசிகளையே பார்க்கிறவள் கண்ணுக்குத் தப்புமா? போகும்போது என் மேஜை அருகே நின்று, மற்றவர்களுக்குக் கேட்காதபடி சொன்னாள்: "சார், உங்க கை ஸ்கிப் அடிக்குது. எங்க லைன்ல மெஷின் தையல் விட்டு ஸ்கிப் அடிச்சா நாங்க திட்ட மாட்டோம். எண்ணெ விட்டு, கொஞ்ச நாள் ஓரமா வெச்சிருப்போம்."

செலக்டர்

ஓரமாக இருக்க எனக்கு மனசில்லை. திருட்டு வழிகள் கண்டுபிடித்தேன். மணிக்கட்டுக்கு அடியில் துண்டை மடித்து வைத்துக்கொண்டேன். கயிறு மாதிரி நரம்பு புடைத்த கைகளை எல்லாம் நான் வைத்துக்கொண்டு, மெலிந்த நரம்புக்காரர்கள் வந்தால், "ஸ்டெல்லாம்மா, எனக்குக் கண்ணுல தூசு" என்று தள்ளிவிட்டேன். ஒரு மாதத்தில் என் கண்ணில் விழுந்த தூசை வைத்துப் பாலாற்றையே மூடியிருக்கலாம். ஸ்டெல்லா ஒரு வார்த்தை கேட்காமல் எழுந்து போய் எடுத்துவிட்டு வருவாள். அந்தப் பெண்ணுக்கு நான் எத்தனை நன்றி சொன்னாலும் போதாது.

தள்ளிவிட முடியாத ஒருவர் இருந்தார். ஹமீத் பாய். டேனரியில் செலக்டர். பதனிட்ட தோலை வெளிச்சத்தில் பிடித்து, உள்ளங்கையால் ஒரு தடவு தடவி, முதல் ரகம், ரெண்டாம் ரகம், ரிஜெக்ட் என்று பிரிப்பவர். கண்ணை விடக் கையைத்தான் நம்புவார். நரம்போ மெலிசு. விரலை வைத்தால் உருண்டு ஓடும். ஆனால் என்னைத் தவிர யாரிடமும் கை நீட்ட மாட்டார், காரணம் கதை. முதல் சிட்டிங்கில் அவருக்காக முதலைக் கதையை ஆரம்பித்திருந்தேன். வேலூர்க் கோட்டை அகழியில் ஒரு கிழ முதலை. வருகிறவர் போகிறவரெல்லாம் ஆற்காட்டு மக்கன் பேடாவாகத் தூக்கிப் போட்டதில் அதற்குச் சர்க்கரை வியாதி வந்துவிட்டது. டெஸ்ட் பண்ண ரத்தம் வேண்டும். எடுக்க யாருக்கும் தைரியமில்லை. என்னைக் கூப்பிட்டார்கள். அந்த இடத்தில் ஊசி ஏறிவிட்டது, கதை நின்றுவிட்டது. அடுத்த மாசம் இரண்டாவது சிட்டிங்கில், முதலை என்னைப் பார்த்துவிட்டுத் தானாகவே முன்னங்காலை நீட்டுகிற இடம்வரை போனேன். அன்றைக்குப் புறப்படும்போது பாய் என் மண்டையை உள்ளங்கையால் ஒரு தடவு தடவி, கண்ணை மூடி யோசித்துத் தீர்ப்புச் சொன்னார்: "தலை ரிஜெக்ட் தோஸ்த். வாய் மட்டும் முதல் ரகம், எக்ஸ்போர்ட் சரக்கு."

ரெண்டாவது குத்து

மூன்றாவது சிட்டிங்குக்கு பாய் சட்டைக் கையை மடித்துக்கொண்டேதான் உள்ளே வந்தார். முன்நெற்றியில் பூனை முடி மாதிரி கொஞ்சம் தெரிந்தது. அதைக்கூட அவர் பேசவில்லை. "முதலை காலை நீட்டுச்சே, அப்புறம்?" என்றார். அவர் இடது கையைத் துண்டின் மேல் வைத்தேன். "நீட்டுச்சா... நானும் டார்ச் அடிச்சுத் தேடுறேன் பாய். அந்தத் தோல் இன்னா தோலு! அதுக்கு அடியில நரம்பு எங்க இருக்குன்னு..." பாய் வாய் பிளந்தார். கை தளர்ந்தது. நரம்பு வந்து நின்றது. என் கை ஆடியது. ஊசி போனது, ரத்தம் வரவில்லை. தோலுக்கடியில் நீலமாக ஒரு புடைப்பு எழும்பியது.

ஊசியை எடுத்துவிட்டுப் பஞ்சை வைத்து அழுத்தினேன். என் வாயில் கதை இல்லை. கதவருகே ஸ்டெல்லா எழுந்து நின்றாள். பாய் அவளைப் பார்த்து வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு, வலது கையை எடுத்து என் முன்னால் வைத்தார். "நீயே எடு" என்றார். மூச்சைப் பிடித்துக்கொண்டு, புதுப் பையன் மாதிரி, ஒரு வார்த்தை பேசாமல் எடுத்தேன். வந்தது. டியூப் நிறைந்து, ஊசியை எடுத்துப் பஞ்சை வைக்கும்போது டாக்டரம்மா உள்ளே வந்தார். இரண்டு கையையும் பார்த்தார். இரண்டிலும் பஞ்சு.

"என்ன இது?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் பாய் முந்திக்கொண்டார். "ஒண்ணுமில்ல டாக்டர். முதலைக்கு நரம்பு தேடிக்கிட்டிருந்தோம், பாதிக் கதையிலயே ஊசி ஏறிடுச்சு. மீதிக் கதைக்காக நான்தான் இந்தக் கையையும் குடுத்தேன்." முகத்தில் ஒரு சுருக்கமில்லை. வாழ்நாளெல்லாம் பொய்யை விற்றுப் பிழைத்த எனக்கு, இப்படி ஒரு முதல் ரகச் சரக்கை யாரும் இலவசமாகக் கொடுத்ததில்லை. வாங்கிக்கொண்டிருந்தால் ஊசி என்னிடமே இருந்திருக்கும்.

ஆனால் அந்த இடது கையைப் பார்த்தேன். நாளைக் காலையில் நூற்றுக்கணக்கான தோல்களைத் தூக்கி, புரட்டி, தடவ வேண்டிய கை. பஞ்சைத் தாண்டி நீலம் பரவிக்கொண்டிருந்தது. "இல்ல டாக்டரம்மா. கை நடுங்கிடுச்சு. நரம்பு தவறிடுச்சு. பாய் பொய் சொல்றாரு" என்றேன். இன்னொருத்தரைப் பார்த்துப் பொய் சொல்கிறார் என்று நான் சொன்னது என் ஆயுளில் அதுதான் முதல் தடவை. ஊசி டிரேயை எடுத்துக்கொண்டு போய் ஸ்டெல்லாவின் மேஜையில் வைத்தேன். வைக்கும்போதும் கை ஆடி, டிரே கிணுகிணுத்தது.

பாய் என்னை முறைத்தார். "பேஜார் புடிச்ச ஆளுய்யா நீ" என்றார். நான் பையை எடுத்துத் தோளில் மாட்டினேன். டாக்டரம்மா பாயின் கைக்கு ஐஸ் வைக்கச் சொல்லிவிட்டு என் பக்கம் வந்தார். தோளிலிருந்து பையைக் கழற்றி, என் நாற்காலியிலேயே மாட்டினார். "எங்க கிளம்பிட்டீங்க? மிக்ஸியை யார் சுத்துவாங்க? ஊசியை ஸ்டெல்லா போடட்டும், கதையை நீங்க போடுங்க" என்றார். நான் தலை குனிந்துகொண்டேன். என் கையில் ஏதோ ஈரம் பட்டது, கூரை ஒழுகுகிறதோ என்று நிமிர்ந்து பார்த்தால் ஒன்றுமில்லை, என் கண்தான். இந்தத் தடவை தூசு என்று யாரிடமும் சொல்ல முடியவில்லை. டாக்டரம்மாவோ அதைக் கவனிக்காதவர் போல நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு கேட்டார்: "அது சரி, முதலைக்கு நரம்பு கெடைச்சுதா இல்லையா? அதைச் சொல்லாம இன்னிக்கு இங்கேருந்து யாரும் வீட்டுக்குப் போகக் கூடாது."

இப்போது ஸ்டெல்லா ஒரு பக்கம் உட்காருகிறாள், நான் மறுபக்கம். நரம்பு கிடைத்ததும் அவள் ஒரு புருவத்தைத் தூக்குவாள். நான் உடனே முதலையின் வாயைத் திறப்பேன். பாய் அடுத்த சிட்டிங்குக்குத் தேதி வாங்கிவிட்டார். முடிக்காகவா, முதலைக்காகவா என்று நான் கேட்கவில்லை.

ஆக அன்பர்களே, முடி எப்போதோ போய்விட்டது, கையும் போய்விட்டது, ஆனால் வாய் மட்டும் முதல் ரகம் என்று ஆம்பூரில் ஒரு செலக்டரே சான்று கொடுத்திருப்பதால் ஆண்டவருக்கும், அந்தச் செலக்டரின் கையைப் பழக்கிய ஆடுகளுக்கும் நான் கடமைப்பட்டிருக்கிறேன்.